தொண்ணூற்று நான்கு டெசிபல்

மறுபடியும் தொண்ணூறுதான் காட்டியது.

பிரவீனா காலிபரேட்டரைக் கழற்றினாள். துப்பட்டா நுனியால் அதன் வாயைத் துடைத்தாள். பேட்டரியை மாற்றினாள். மூச்சை அடக்கிக்கொண்டு மைக்கின் தலையில் மூன்றாம் முறையாக மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். லேப்டாப்பில் எண்கள் ஓடி, ஒரு இடத்தில் நின்றன. தொண்ணூறு புள்ளி ஒன்று.

தொண்ணூற்று நான்கு வந்திருக்க வேண்டும். மணி ஒன்பதே கால். பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார்.

காலிபரேட்டர் என்றதும் மிரள வேண்டாம். மளிகைக் கடையில் எடைக்கல் இருக்கிறதல்லவா, இது சத்தத்துக்கான எடைக்கல். உள்ளங்கையில் அடங்கிவிடும் சின்ன உருளை. மைக்கின் தலையில் தொப்பி போல மாட்டி அழுத்தினால் 'ஊ' என்று ஒரே சீராக ஊதும். மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அந்த ஊதல் தொண்ணூற்று நான்கு டெசிபல்தான். அதைக் கேட்டு மைக்கும் தொண்ணூற்று நான்கு என்று சொன்னால் நல்ல காது. தொண்ணூறு என்றால், பாவம், காது மந்தமாகிவிட்டது.

பிள்ளையார்பாளையத்தில் கீர்த்தி வீட்டு மொட்டைமாடியில், ஆள் உயர இரும்புக் கம்பத்தின் உச்சியில், அந்த மைக் அறுபது நாளாக நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் லோகேஷின் விசைத்தறிக் கூடம். பதினான்கு தறி. காலை எட்டு மணிக்குப் பிடித்தால் சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் விடும். மாடித் தரையில் வெறுங்காலோடு நின்றால் அதிர்வு குதிகாலில் ஏறி முழங்கால்வரை வரும்.

கீழே, அந்த வீட்டில், கீர்த்தியின் மூன்று வயது மகள் வடிவு இருக்கிறாள். பிறவியிலேயே காது கேட்காது. இரண்டு காதுக்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள். "மெஷின் வெச்சா மட்டும் பத்தாதும்மா. பகல் முழுக்க நீ பேசிக்கினே இருக்கணும், சுத்தி அமைதியா இருக்கணும். அதுக்குப் பேச்சும் ஒண்ணுதான், இரைச்சலும் ஒண்ணுதான், ரெண்டையும் பெருசாக்கிக் குடுக்கும். அஞ்சு வயசுக்குள்ள பேச்சு வரலைன்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எட்டு மணிக்குத் தறி பிடிக்கும். எட்டு ஐந்துக்குள் வடிவு இரண்டு மெஷினையும் பிடுங்கி எறிந்துவிட்டு வீறிட்டு அழும். கீர்த்தியின் கணவன் திருஞானசம்பந்தம் தன் பட்டுத் தறியையே கழற்றிக்கொண்டுபோய் மாமனார் வீட்டில் போட்டுவிட்டான். அவன் தறி போயிற்று. பக்கத்துத் தறிகள் போகவில்லை.

புகார், விசாரணை என்று ஒரு வருஷம் ஓடி, கடைசியில் மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி துர்காதேவி ஒரு வழி சொன்னார். அறுபது நாள் இரண்டு தரப்புக்கும் பொதுவாக அளப்போம். குடியிருப்புப் பகுதியில் பகலில் ஐம்பத்தைந்து டெசிபல்தான் எல்லை. தாண்டினால் தறிகளைக் கட்டுப்படுத்த உத்தரவு, தாண்டாவிட்டால் புகாரை முடித்துவிடலாம். அளக்கும் பொறுப்பு பிரவீனா வேலை பார்க்கும் சின்ன லேபுக்கு வந்தது.

முதல் நாற்பத்தைந்து நாளும் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டரை என்றே வந்தது. ஆயுத பூஜைக்குக் கூடத்தை மூடினார்கள். அந்த ஐந்து நாள் விடுமுறையில் லோகேஷ் ஒவ்வொரு தறியின் காலுக்கும் ரப்பர் கட்டை வைத்தான். திறந்த நாளிலிருந்து ஐம்பத்து நான்கு. துர்காதேவி கணக்கை மாற்றினார். "புதுசா ஏற்பாடு பண்ணியிருக்காரு. கடைசிப் பத்து நாளைத்தான் நான் எடுத்துப்பேன், நியாயம் அதானே?" நியாயம்தான். லோகேஷ் தெருவுக்கே இனிப்பு கொடுத்தான். கீர்த்தி மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. "குறைஞ்சிருந்தா என் பொண்ணு ஏன் இன்னும் புடுங்கி எறியறா?" என்று கேட்டாள்.  

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. லேப்டாப்பில், தொண்ணூறு புள்ளி ஒன்று என்று நிற்கிறது.

 இந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தானே.

முன்பு வாலாஜாபாத் பக்கம் ஒரு அரிசி ஆலை விவகாரம். லேபில் இருந்த மூன்று பழைய மைக்குகளை வைத்து அளந்தாள். ஒரு மழைக்காலம் போனதும் மூன்றும் மூன்று விதமாகச் சொல்ல ஆரம்பித்தன. "இந்த மூணு காதுல எது நல்ல காதும்மா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். கூட்டமே சிரித்தது. ஆலைக்குப் பின்னால் குடியிருந்த பதினெட்டு வீட்டுக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் புது மைக் வாங்க வேண்டும் என்று லேப் முதலாளி நமச்சிவாயம் இரண்டு மாதிரிகளை வரவழைத்தார். ஒன்றின் உள்ளே பிளாஸ்டிக் சவ்வு. இன்னொன்றில் உலோகச் சவ்வு. முதலாளிக்கு முதலாவது பிடித்துப்போயிற்று. "இது கொசு றெக்கை அடிக்கிறதைக்கூடக் கேட்கும்மா."

"கொசு வேணாம் சார். நேத்து கேட்டதையே நாளைக்கும் கேட்டாப் போதும்."

ஏனாத்தூரில் தன் வீட்டுத் தகரக் கொட்டகையில் இரண்டையும் தொங்கவிட்டாள். சித்திரை வெயில், ஆனி அனல், ஆடிக் காற்று எல்லாவற்றையும் அவை பார்த்தன. தினமும் காலை ஆறு மணிக்கு இரண்டுக்கும் அதே காலிபரேட்டரை மாட்டி நோட்டில் எழுதினாள். "ஏம்மா, ஜெபத்துக்குக்கூட இவ்ளோ தவறாம எழுந்திருச்சது இல்லியே நீ" என்று அப்பா தேவசகாயம் கேலி செய்தார். நூறாம் நாள் பிளாஸ்டிக் சவ்வு ஒன்றரை டெசிபல் இறங்கியிருந்தது. உலோகச் சவ்வு முதல் நாள் சொன்னதையே சொன்னது. இதுதான் வேண்டும் என்று நோட்டைக் கொண்டுபோய் முதலாளியின் மேஜையில் போட்டாள். "இது சொதப்பினா நான் வேலையை விட்டுடறேன் சார்" என்று வாய்விட்டும் சொல்லிவிட்டாள். இளம் வயதில் வாய் அப்படித்தான் முந்திக்கொள்கிறது.

நமச்சிவாயத்துக்குப் போன் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நல்லா பாத்தியாம்மா?"

"மூணு வாட்டி சார்."

"சரி. அங்க வேற யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"அப்போ கேளு. சாஃப்ட்வேர்ல அந்த நம்பரைத் திருத்தி தொண்ணூத்தி நாலுன்னு காட்டற மாதிரி வெச்சிடு. அந்தம்மா வந்தா மாட்டிக் காட்டு, கையெழுத்து வாங்கு, வந்துடு."

"அப்போ இந்தப் பத்து நாள் கணக்கு சார்? நாலு டெசிபல் கம்மியா இருக்குதே."

"கம்மியாவே இருக்கட்டும். யாரு கேக்கப் போறா? வாலாஜாபாத்துல ஒரு வாட்டி மானம் போச்சு. ரெண்டாவது வாட்டியும் மைக் கெட்டுப்போச்சுன்னு சொன்னா லேபுக்குப் பூட்டுதான். அடம் புடிச்சு வாங்கினது நீதானேம்மா."

அவள் போனை வைத்துவிட்டாள். கீழே வடிவு அழும் சத்தம் தறிச் சத்தத்துக்கு நடுவே கிழிந்து கிழிந்து வந்தது.

நூறு நாள் தகரக் கொட்டகையில் வெந்தும் அசையாத மைக், இங்கே எப்படி அசைந்தது? அவள் தரையில் உட்கார்ந்து அறுபது நாள் பதிவையும் பின்னாலிருந்து முன்னால் தள்ளிப் பார்த்தாள். ஆயுத பூஜை நாள் வந்தது. கூடம் மூடிக் கிடந்த நாள். தெருவில் காக்கை, சைக்கிள், தண்ணீர்க் குடம், அவ்வளவுதான். காலை ஏழு நாற்பத்திரண்டு வரைக்கும் நாற்பத்தாறு. அந்த நிமிஷத்தில் 'டொக்' என்று ஒரு பெரிய இடி பதிவாகியிருந்தது. அதற்கப்புறம் நாற்பத்திரண்டு. நாள் முழுக்க நாற்பத்திரண்டு.

ரப்பர் கட்டை வைத்தது தறிக்கு. தெருவில் கத்திய காக்கைக்கு ரப்பர் வைத்தது யார்?

அவள் எழுந்தாள். காற்றுக்காக மாட்டும் கறுப்புப் பஞ்சு உருண்டைக்கு உள்ளே, மைக்கின் தலையில் துளைகள் போட்ட உலோகக் கவசம் ஒன்று உண்டு. வெளியே பளபளவென்று சுத்தமாக இருந்தது. கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான், துளைகளின் ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருப்பது தெரிந்தது. திருகிக் கழற்றினாள். உள்ளே நிலைக்கண்ணாடி போல மின்ன வேண்டிய சவ்வின் நடுவில், காய்ந்து வெடித்த சந்தனம். அதன் மேல் ஒரு துளி சிவப்பு.

குங்குமம்.

ஒரு கணம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.  தறிக்கு, கத்தரிக்கோலுக்கு, சைக்கிளுக்கு, அரிவாள்மணைக்கு, கிரைண்டருக்கு எல்லாம் பொட்டு வைக்கிற ஊர் இது. அவள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது, அதனால் தோன்றவே இல்லை. எந்திரப் பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்தவள், கம்பத்து உச்சியில் இருந்த மைக்கின் தலைக்கு வைக்காமல் விட்டுவிட்டாள்.

கவசத்தை இருந்தபடியே திருகி மூடினாள். படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "கீர்த்தி, கொஞ்சம் மேல வா" என்று கூப்பிட்டாள்.

கீர்த்தி இடுப்பில் குழந்தையோடு வந்தாள். அழுது ஓய்ந்த முகம் குழந்தைக்கு, அழாமல் ஓய்ந்த முகம் தாய்க்கு.

"ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில இதைத் தொட்டியா?"

"ஐயோ, கெடுக்கல அக்கா. அந்தக் கறுப்பு உருண்டை மூடியை எடுத்துட்டுப் பொட்டு வெச்சேன், அவ்ளோதான். பாப்பாவோட மெஷினுக்கு வெச்சேன். இதுவும் எங்களுக்காகக் கேட்டுக்கினு நிக்குற காதாச்சே, இதுக்கு மட்டும் வெக்காம விட்டா எப்பிடின்னு..." அவள் குரல் இறங்கியது. "அவருதான் திட்டினாரு, கவர்மென்ட் மெஷின்லயா கை வெச்சேன்னு. மறுநாளே ஈரத்துணியால சுத்தமாத் துடைச்சிட்டேனே?"

"வெளியே துடைச்ச. சந்தனம் உள்ள இறங்கிடுச்சு. அதனாலதான் அன்னிலேர்ந்து இது பாதி செவிடு."

கீர்த்திக்குப் புரிய இரண்டு மூச்சு நேரம் ஆயிற்று. புரிந்ததும் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "அப்போ சத்தம் குறையவே இல்லியா? நான்தான் குறைச்சிட்டேனா? என் கையாலயே..." சட்டென்று பிரவீனாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "அக்கா, அவங்க வர்றதுக்குள்ள துடைச்சிடுங்க. நான் கை வெச்சது தெரிஞ்சா லோகேஷ் மாமா விடவே மாட்டாரு. எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போட்டுடுவாங்க."

முதலாளி சொன்னதும் இதுதான், கீர்த்தி கெஞ்சுவதும் இதுதான். யாருமில்லாதபோது மறைத்துவிடு.

துடைக்கலாம். ஆனால் துடைத்துவிட்டால் காது அடைத்திருந்ததற்குச் சாட்சி ஏது? பத்து நாளும் நான்கு டெசிபல் குறைத்துச் சொன்னது என்று யாரை நம்பவைப்பது? எல்லோர் முன்னாலும் மாட்டி, தொண்ணூறு என்று காட்டி, எல்லோர் முன்னாலும் துடைத்து, தொண்ணூற்று நான்கு என்று காட்ட வேண்டும். அப்போதுதான் அந்த நான்கைக் கூட்ட முடியும். சவ்வு கிழிந்தால்? பட்டு நூலைப் பிரித்து, பிரித்ததையும் பிரித்தால் ஒரு நார் வருமே, அதைவிட மெல்லிய தகடு அது. கிழிந்தால் அறுபது நாளும் போயிற்று. குழந்தையின் இன்னொரு வருஷமும் போயிற்று.

"கீர்த்தி, பொட்டு வெச்சதைச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்" என்றாள். "துடைக்கிறது அவங்க முன்னாடிதான்."

கீர்த்தி கையை உதறிவிட்டுக் கீழே போனாள்.

பதினொன்றேகாலுக்கு துர்காதேவி படியேறி வந்தார். ஐம்பது வயது, முழங்கால் வலி, ஒவ்வொரு படிக்கும் ஒரு 'முருகா'. பின்னாலேயே லோகேஷ், வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக. "பிரவீனா மேடம், டீ சொல்லட்டுமா? இன்னிக்கோட நம்ம உறவு முடியுதில்ல" என்றான் சிரித்துக்கொண்டே.

பிரவீனா சுற்றி வளைக்கவில்லை. மாட்டினாள், அழுத்தினாள், காட்டினாள். தொண்ணூறு புள்ளி ஒன்று. கவசத்தைக் கழற்றி உள்ளே காட்டினாள். ஆயுத பூஜை நாள் பதிவையும் காட்டினாள்.

லோகேஷின் சிரிப்பு போய்விட்டது. "பாத்தீங்களா மேடம்! மெஷின் இருந்தது யாரு வீட்டு மாடியில? அவங்களே கை வெச்சிருக்காங்க. மொத்தக் கணக்கும் பொய். தூக்கிப் போடுங்க."

"நான்தான் வெச்சேன்."

படிக்கட்டில் கீர்த்தி நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ. "ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சேன் மாமா. உங்க ஷெட்டுல பதினாலு தறிக்கும் நீங்க வெக்கல?"

"தறிக்கு வெக்கறதும் இதுக்கு வெக்கறதும் ஒண்ணா?"

"இருப்பா, இரு" என்றார் துர்காதேவி. "கள்ளத்தனமா கை வெக்கறவ சத்தத்தைக் கூட்டித்தானே வெப்பா? யாராவது தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குவாங்களா? என் ஜீப்பு கண்ணாடியில வெச்ச பொட்டுல ரோடே தெரியல, ரெண்டு நாள் டிரைவர் எட்டி எட்டிப் பாத்துக்கினு ஓட்டினான்." பிறகு பிரவீனாவின் பக்கம் திரும்பினார். சிரிப்பில்லை. "அதெல்லாம் சரிம்மா. இது பொட்டாலதான் கெட்டுச்சா, தானாவே கெட்டுச்சான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? தானாக் கெட்ட மைக்குன்னா முதல் நாள் கணக்கையும் நான் நம்ப முடியாது."

"துடைச்சுக் காட்டறேன் மேடம். பழையபடி தொண்ணூத்தி நாலு சொன்னா மைக் கெடல, அழுக்குதான். ஆரம்பத்துல நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல தொண்ணூத்தி நாலு இருக்குது."

"சொல்லலைன்னா?"

"எல்லாத்தையும் தள்ளிடுங்க. லேப் சார்பா நானே எழுதித் தர்றேன்."

லோகேஷ் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தான். "துடைக்கட்டும். கிழியட்டும். எனக்கென்ன."

பிரவீனா காய்ச்சி வடித்த நீர்ப் புட்டியைத் திறந்தாள். ஓவியம் வரையும் மெல்லிய தூரிகை ஒன்று எப்போதும் பையில் இருக்கும். தரை அதிர்ந்துகொண்டிருந்தது. பதினான்கு தறியும் அவள் விரல் நுனிக்கு ஏறிவந்து நடுங்கின. மைக்கைக் கம்பத்திலிருந்து இறக்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முழங்கையைத் தொடையில் ஊன்றினாள். போதவில்லை. துப்பட்டாவை நான்காக மடித்துக் கைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். தூரிகையின் முனை சந்தனத்தைத் தொட்டது. தேய்க்கவில்லை, ஊறட்டும் என்று விட்டாள். மஞ்சள் கரைந்து தூரிகைக்கு ஏறியது. உதறினாள், மறுபடி தொட்டாள். குங்குமச் சிவப்பு ஒரு நூல் போல நீண்டு வந்தது. நெற்றி வியர்வை சவ்வின் மேல் சொட்டிவிடுமோ என்று தலையைப் பின்னால் சாய்த்தாள். யாரோ தன் முந்தானையால் அவள் நெற்றியை ஒற்றினார்கள். கீர்த்தி.

காயவிட வேண்டும். வாயால் ஊதக்கூடாது, எச்சில் தெறிக்கும். ஐந்து நிமிஷம் காத்திருந்தாள். 

கவசத்தை மூடி, காலிபரேட்டரை மாட்டினாள்.

தொண்ணூற்று இரண்டு புள்ளி ஆறு.

"அவ்ளோதான்" என்றான் லோகேஷ். "மைக் போச்சு மேடம். எழுதிக்குங்க."

துர்காதேவி பேனாவை எடுத்தார். பிரவீனாவுக்கு வாலாஜாபாத் சிரிப்பு காதில் கேட்டது. ஒன்றரை டெசிபல் இன்னும் எங்கே ஒளிந்திருக்கிறது?

"மேடம், ஒரே ஒரு வாட்டி."

கழற்றி, வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தாள். விளிம்பில், சவ்வு வளையத்தோடு சேரும் இடத்தில், நகக்கீறல் அளவு மஞ்சள். சவ்வை இழுத்துக் கட்டியிருக்கும் இடம். கிழிந்தால் அங்கேதான் கிழியும். தூரிகையில் மூன்று மயிரை விட்டுவிட்டு மற்றதைப் பல்லால் கடித்து வெட்டினாள். ஒரு சொட்டு வைத்தாள். காத்திருந்தாள். இன்னொரு சொட்டு. மூன்று மயிரால் விளிம்பைச் சுற்றி ஒரு தடவை, ஒரே தடவை, இழுத்தாள்.

மறுபடி ஐந்து நிமிஷம். இந்த முறை துர்காதேவி 'முருகா' என்று வாய்க்குள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

மாட்டினாள். அழுத்தினாள். எண்கள் ஓடின. தொண்ணூற்று மூன்று புள்ளி எட்டு. ஒன்பது. எட்டு. ஒன்பதில் நின்றது. துர்காதேவி பழைய தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பத்துல ஒண்ணு குறையுது."

"அவ்வளவு விடலாம் மேடம். அரை டெசிபல் வரைக்கும் விதியே விடுது."

"தெரியும்மா, தெரியும். சும்மா சொன்னேன்." மாடியில் கிடந்த நாற்காலியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்போ தறி ஓடுதில்ல? மைக்கை மேல ஏத்தி அளந்து காட்டு."

ஐம்பத்தெட்டு. துளி ஏறி, துளி இறங்கி, ஐம்பத்தெட்டு. ரப்பர் கட்டைகள் அரை டெசிபலுக்குமேல் ஒன்றும் குறைத்திருக்கவில்லை. லோகேஷ் திரையைக் குனிந்து பார்த்தான். வெகு நேரம் பார்த்தான். திட்டவில்லை. "ரப்பர் வெச்சவன் சத்தியம் பண்ணானே மேடம்" என்றான், ஏமாந்தவனின் குரலில்.

"அவனை நீ பாத்துக்கோ. நடுவுல ஒரு சுவர் எழுப்பு, ஜன்னலை அந்தப் பக்கம் திருப்பு. அதுவரைக்கும் இந்தச் சுவரை ஒட்டின ஏழு தறி ஓடக்கூடாது. மத்த ஏழும் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேலதான். இன்னிக்கே, இப்பவே."

பிரவீனா தாளில் எழுதினாள். தொடக்கம் தொண்ணூற்று நான்கு, இறுதியில் தொண்ணூறு புள்ளி ஒன்று, துடைத்தபின் தொண்ணூற்று மூன்று புள்ளி ஒன்பது. கீழே ஒரு வரி கூடுதலாக எழுதினாள். மைக்கின் தலைக்கு முத்திரை வைக்காதது என் தவறு. துர்காதேவி அதைப் படித்தார், அடித்துவிடச் சொல்லவில்லை. லோகேஷ் கையெழுத்திட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனான்.

சற்று நேரத்தில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஐம்பத்தாறு, ஐம்பத்து மூன்று, நாற்பத்தெட்டு. கடைசித் தறி நின்றபோது தரையின் அதிர்வு காலிலிருந்து கழன்று விழுந்தது போல இருந்தது. திரையில் நாற்பத்து மூன்று.

"கீர்த்தி எங்கே? அவளும் கையெழுத்துப் போடணுமே" என்றார் துர்காதேவி.

படிக்கட்டில் யாரும் இல்லை. கீழேயிருந்து அவள் குரல் மட்டும், கத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலாக வந்தது. "இது தண்ணி. தண்ணி பாரு. இது டம்ளர். அம்மா ஊத்தறேன் பாரு, தண்ணி."

பிரவீனா கூப்பிட வாயெடுத்தாள். துர்காதேவி கையமர்த்தினார். முழங்காலைத் தடவிக்கொண்டே பேனாவை மூடினார்.

"பேசிக்கினு இருக்கட்டும்மா. அப்புறமா வாங்கிக்கலாம்."